கருவி சொல்லும் பெயர் எங்கிருந்து வருகிறது?

கேள்வி இது: "டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வக டெக்னீஷியன் பட்டயம்) முடித்து ஒரு மருத்துவமனையின் மைக்ரோபயாலஜி லேபில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. கிருமிகளை அடையாளம் காணும் தானியங்கிக் கருவி வந்துவிட்டது. கார்டைப் போட்டால் கிருமியின் பெயரும் பக்கத்தில் 99 சதவீதம் என்றும் வருகிறது. இனி கையால் செய்யும் கிராம் ஸ்டெயின், இண்டோல், சிட்ரேட் சோதனைகள் எல்லாம் எதற்கு? அந்த 99-ஐ நம்பி ரிப்போர்ட் கொடுக்கலாமா?"

சிறுநீரில் வளர்ந்த ஈ. கோலை, சீழில் வளர்ந்த ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் மாதிரி தினமும் வருகிற கிருமிகளுக்குத் தாராளமாக நம்பலாம். கையால் செய்யும் நம்மைவிடக் கருவி சீராகச் செய்யும். திங்கட்கிழமைக் களைப்பு அதற்குக் கிடையாது. ஆனால் அந்த 99-க்கு 'நூறு தடவையில் தொண்ணூற்றொன்பது தடவை சரியாக இருக்கும்' என்று பொருள் இல்லை. அது வேறு கணக்கு. அந்தக் கணக்கு புரிந்துவிட்டால் எந்த நாளில் கருவியை நம்பக்கூடாது என்பதும் புரிந்துவிடும். இருபது வருடத்துக்கு மேல் கிருமி வளர்க்கும் கல்ச்சர் தட்டுகளோடு இருப்பவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நீங்கள் படிக்கும்போது செய்த இண்டோல், சிட்ரேட், யூரியேஸ், டி.எஸ்.ஐ. எல்லாமே கிருமியிடம் கேட்கும் கேள்விகள்தான். நீ எதைச் சாப்பிடுவாய்? சாப்பிட்டால் என்ன மிச்சம் வைப்பாய்? கிளெப்சியெல்லா நிமோனியே சிட்ரேட்டைச் சாப்பிட்டு ஊடகத்தை நீலமாக்கும், ஈ. கோலை அதைத் தொடாது. ஈ. கோலை டிரிப்டோஃபேனிலிருந்து இண்டோல் உண்டாக்கும். கிளெப்சியெல்லா நிமோனியே உண்டாக்காது. இப்படிப் பத்து இருபது கேள்விகளுக்குக் கிடைத்த பதில்களை அட்டவணையோடு ஒப்பிட்டுப் பெயர் வைப்பதுதான் பழைய முறை.

1970களில் வந்த ஏ.பி.ஐ. 20ஈ பட்டை இதையே ஒரு எண்ணாக மாற்றியது. இருபது சின்னக் கிண்ணங்கள், ஆக்சிடேஸோடு சேர்த்து இருபத்தொரு சோதனைகள். மூன்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு மூன்றிலும் முதலாவது பாசிட்டிவானால் 1, இரண்டாவதற்கு 2, மூன்றாவதற்கு 4 என்று கூட்ட வேண்டும். முதல் மூன்றில் ஈ. கோலைக்கு ஓ.என்.பி.ஜி. பாசிட்டிவ், ஆர்ஜினின் நெகட்டிவ், லைசின் பாசிட்டிவ். 1-ம் 4-ம் சேர்ந்து 5. இப்படி ஏழு கட்டங்களையும் கூட்டினால் ஈ. கோலைக்கு அடிக்கடி வரும் எண் 5144572. அந்த ஏழு இலக்கத்தைக் குறியீட்டுப் புத்தகத்தில் தேடினால் பெயர் கிடைக்கும். உங்கள் லேபில் பழைய பட்டை ஏதாவது மிச்சம் இருந்தால் ஒரு தடவை கையால் கூட்டிப் பாருங்கள். இன்றைக்குக் கருவிக்குள் நடக்கும் கணக்கும் இந்த வகைதான், கேள்விகள் மட்டும் கூடியிருக்கின்றன.

கார்டு போடும் தானியங்கிக் கருவிகளில் ஒன்றான விட்டெக்கின் பின்னால் ஒரு விண்வெளிக் கதை இருக்கிறது. விண்கலத்துக்குள் ஆள் உதவியில்லாமல் கிருமிகளைக் கண்டுபிடிக்க ஒரு வழி வேண்டும் என்று நாசாவுக்காக மெக்டோனல் டக்ளஸ் நிறுவனம் செய்த ஆராய்ச்சியில் பிறந்தது அது. பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்து, இப்போது பயோமெரியூ நிறுவனத்திடம் இருக்கிறது. விட்டெக் 2-இன் கார்டு சீட்டுக்கட்டின் சீட்டு அளவுதான். அதில் 64 குழிகள். ஒவ்வொன்றிலும் உலர்ந்த நிலையில் ஒரு ஊட்டப்பொருளோ நொதிக்கான வினைப்பொருளோ இருக்கும். 3 மில்லி சலைனில் (உப்புநீரில்) காலனியை, அதாவது தட்டில் வளர்ந்த கிருமித் திட்டைக் கரைத்து, மெக்ஃபார்லண்ட் என்ற கலங்கல் அளவுகோலில் 0.5 முதல் 0.63 வரும்வரை சரிசெய்து, கார்டைச் செருகிவிட்டால் கருவியே உறிஞ்சி, மூடி, 35.5 டிகிரியில் வைத்து, 15 நிமிடத்துக்கு ஒரு முறை ஒளியைச் செலுத்தி நிறமும் கலங்கலும் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும். கிராம் நெகட்டிவ் என்றால் பெரும்பாலும் பத்து மணி நேரத்துக்குள் பதில்.

கருவியில் கார்டு போகும் முன்பே நீங்கள் ஒரு பெரிய முடிவை எடுத்துவிட்டீர்கள் என்பதைக் கவனித்தீர்களா? கிராம் நெகட்டிவ் கார்டா, பாசிட்டிவ் கார்டா, ஈஸ்ட் கார்டா என்று தேர்ந்தெடுத்தது நீங்கள்தான். கிருமிகளை ஊதா (பாசிட்டிவ்), சிவப்பு (நெகட்டிவ்) என்று பிரிக்க ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-இல் வெளியிட்ட அந்தச் சாயமேற்றும் முறைதான் இன்றைக்கும் வாசல். நிறநீக்கியை நான்கு விநாடி கூடுதலாக ஊற்றி, ஊதாவாக நிற்க வேண்டிய ஒரு பேசில்லஸை (கோல் வடிவக் கிருமியை) சிவப்பாகப் பார்த்து, நெகட்டிவ் கார்டில் போட்டுவிட்டால் கருவி "இது என் கார்டுக்கு உரியது இல்லை" என்று சொல்லாது. அதன் பட்டியலில் இருப்பதற்குள் ஒரு பெயரைத் தேடும். ஆகவே கிராம் ஸ்டெயின் எதற்கு என்ற உங்கள் கேள்வி இங்கேயே முடிந்துவிடுகிறது.

சரி, அந்த 99 என்ன? கருவியின் நினைவில் ஒரு பெரிய அட்டவணை இருக்கிறது. ஒவ்வொரு கிருமிக்கும் ஒவ்வொரு சோதனையும் எவ்வளவு தடவை பாசிட்டிவாக வரும் என்ற விகிதம் அதில் உண்டு. உங்கள் கிருமியின் பதில்கள் ஒவ்வொரு பெயரோடும் எவ்வளவு பொருந்துகின்றன என்று கணக்கிட்டு, பட்டியலில் இருக்கும் மற்ற பெயர்களோடு ஒப்பிட்டுப் பங்கு போடுகிறது. 96 முதல் 99 வரை என்றால் மிகச் சிறப்பு, 85-க்கு அருகில் என்றால் ஏற்கத்தக்கது. அதாவது, 'என் பட்டியலில் உள்ளவற்றுள் இது இதுவாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு' என்பதே அந்த எண். பட்டியலுக்கு வெளியே இருப்பதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. வாக்காளர் பட்டியலில் பெயரே இல்லாத ஒருவரின் புகைப்படத்தைக் கொடுத்து "இவர் யார்?" என்று கேட்டால், பட்டியலில் அவர் சாயலில் இருக்கும் ஒருவரைக் காட்டுவது மாதிரி. சாயல் அவ்வளவு ஒத்துப்போனால் 99 கூட வரும்.

இது வெறும் தத்துவம் இல்லை. எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன், நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், மழைக்காலம் முடியும் சமயம், ஐம்பது வயது கடந்த ஒரு விவசாயி பத்து நாள் காய்ச்சலோடு வந்தார். நீண்ட நாள் சர்க்கரை நோய். மருந்து ஒழுங்காக இல்லை. ஸ்கேனில் மண்ணீரலில் சின்னச் சின்னச் சீழ்க்கட்டிகள். இரத்தக் கல்ச்சர் பாட்டில் இரண்டாம் நாள் பாசிட்டிவ். கருவி கொடுத்த பெயர் பர்கோல்டேரியா செபேசியா, 97 சதவீதம். செபேசியா என்றால் ஆஸ்பத்திரித் தண்ணீர், கிருமிநாசினிக் கரைசல் வழியாக வரும் மாசு என்றுதான் பலருக்கும் முதலில் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் நிலைக்கு வந்துவிட்டேன்.

நிறுத்தியவர் எங்கள் மூத்த டெக்னீஷியன். எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். "டாக்டர், எனக்கு இது செபேசியாவா படலை. ஜென்டாமைசினுக்கும் கோலிஸ்டினுக்கும் டிஸ்க் ஓரம்வரை வளர்ந்திருக்கு. அமாக்சிக்ளாவுக்கு மட்டும் இவ்வளவு பெரிய சோன். செபேசியா அமாக்சிக்ளாவுக்கு அடங்காதே?" என்றார். டிஸ்க் என்பது ஆன்டிபயாடிக் தோய்த்த வட்டத் தாள்; மருந்து வேலை செய்தால் அதைச் சுற்றிக் கிருமி வளராமல் நிற்கும் வெற்று வட்டம்தான் சோன். ஸ்லைடைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். இரு முனைகளும் சிவந்து, நடு வெளுத்து, அசல் சேஃப்டி பின் மாதிரி சின்னச் சின்னக் கோல்கள். அவசரத்தில் நான் "கிராம் நெகட்டிவ் பேசில்லை" என்று மட்டும் எழுதி நகர்ந்திருந்தேன். தட்டை மூன்றாம் நாள்வரை மூடி வைத்தோம். மழமழப்பாக இருந்த காலனிகள் சுருங்கி, காய்ந்த மிளகின் தோல் போல் மடிப்பு விழுந்தன. ஆன்டிபாடி பூசிய மணிகள் கிருமியோடு ஒட்டுகின்றனவா என்று பார்க்கும் லேட்டெக்ஸ் சோதனை பாசிட்டிவ். பர்கோல்டேரியா சூடோமல்லை. அது உண்டாக்கும் நோய் மெலியாய்டோசிஸ்.

இந்த ஒரு பெயர் மாற்றத்தால் நோயாளிக்கு என்ன மாறியது என்று பாருங்கள். மெலியாய்டோசிஸ் என்றால் செஃப்டாசிடைமோ மெரோபெனமோ நரம்பு வழியாகக் குறைந்தது பத்து, பதினான்கு நாள். உள்ளே சீழ்க்கட்டி இருந்தால் இன்னும் அதிகம். பிறகு கோட்ரைமாக்சசோல் மூன்று மாதம். இந்த இரண்டாம் கட்டத்தை விட்டால் நோய் திரும்பும். மாசு என்று ஒதுக்கியிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்பதே சந்தேகம். மூன்று மாத மாத்திரையையும் முடித்துவிட்டு, வெளிநோயாளர் பிரிவுக்கு அவர் நடந்து வந்தார். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இந்தக் கிருமியை முதலில் விவரித்தவர்கள் ரங்கூனில் ஆல்ஃபிரெட் விட்மோரும் சி.எஸ்.கிருஷ்ணசுவாமியும், 1912-இல் வெளியான அவர்கள் கட்டுரையிலேயே அது பதிவாகியிருக்கிறது. நூறு வருடத்துக்கு மேல் தெரிந்த கிருமி. ஈர மண்ணிலும் வயல் தண்ணீரிலும் இருக்கும். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகக் கடற்கரை என்று நம் பக்கமெல்லாம் கண்டறியப்பட்டிருக்கிறது. ஆனாலும் உயிர்வேதி முறைக் கருவிகள் இதைச் செபேசியா என்று சொல்வது பல நாடுகளில் பதிவான பிரச்சினை. அதனால் ஆக்சிடேஸ் பாசிட்டிவான கிராம் நெகட்டிவ் பேசில்லஸ், ஜென்டாமைசினுக்கும் கோலிஸ்டினுக்கும் அடங்காது, அமாக்சிக்ளாவுக்கு அடங்கும் என்ற மூன்று டிஸ்க் கணக்கை மனத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பர்கோல்டேரியா என்று எந்தப் பெயர் வந்தாலும், சூடோமோனாஸ் என்று குறைந்த சதவீதத்தில் வந்தாலும், அந்தத் தட்டைத் திரும்பப் பாருங்கள்.

அப்புறம் மால்டி-டாஃப், கிருமியை அதன் புரதங்களின் எடையால் அடையாளம் காணும் இன்னொரு கருவி. உங்கள் லேபில் இல்லாவிட்டாலும் சீக்கிரம் பார்ப்பீர்கள். இது கிருமியிடம் கேள்வியே கேட்பதில்லை. நேராக எடை போடுகிறது. காலனியைப் பல் குத்தும் குச்சியின் முனையால் தொட்டு, உலோகத் தட்டில் மெல்லியதாகத் தேய்த்து, மேலே ஒரு மைக்ரோலிட்டர் மேட்ரிக்ஸ் கரைசல் விட வேண்டும். காய்ந்ததும் படிகமாகும். வெற்றிடத்துக்குள் வைத்து லேசரால் அடித்தால் மேட்ரிக்ஸ் அந்த ஆற்றலை வாங்கிக்கொண்டு, கிருமியின் புரதங்களை உடைக்காமல் மின்னூட்டத்தோடு மேலே தூக்கிவிடும். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு உந்துதல் கொடுத்து ஒரு குழாய்க்குள் ஓடவிட்டால் இலேசானது முன்னால் வந்து சேரும், கனமானது பின்னால். வந்து சேரும் நேரத்தை வைத்து எடை தெரியும். 2000 முதல் 20000 டால்டன்வரை பார்க்கிறார்கள். அந்த இடத்தில் நிற்பவை பெரும்பாலும் ரைபோசோம் புரதங்கள். எல்லாக் கிருமியிலும் ஏராளமாக இருக்கும். நீங்கள் எந்த ஊடகத்தில் வளர்த்தாலும் அதிகம் மாறாது. அந்தக் கோடுகளின் வரிசையை நூலகத்தில் இருப்பதோடு ஒப்பிட்டால் சில நிமிடங்களில் பெயர்.

புரதத்தை உடைக்காமல் தூக்குவதுதான் முடியாத காரியமாக இருந்தது. 1980களில் ஜெர்மனியின் ஹில்லென்காம்பும் காராஸும் மேட்ரிக்ஸ் முறையை உருவாக்கினார்கள். அதே காலத்தில் ஜப்பானில் ஷிமாட்சு நிறுவனத்தின் பொறியாளர் கோய்ச்சி டனாகா, தவறுதலாகக் கிளிசரினைக் கோபால்ட் தூளோடு கலந்துவிட்டு, வீணாக்க மனமில்லாமல் அதையும் லேசரில் வைத்துப் பார்த்தார். பெரிய மூலக்கூறு உடையாமல் கிளம்பியது. 2002-இல் வேதியியல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. இன்று லேபுகளில் பயன்படுவது ஜெர்மானியர்களின் வழிமுறைதான் என்பதையும் சொல்ல வேண்டும். மருத்துவ லேபுகளுக்குள் இது வேகமாக நுழைந்ததில் பிரான்சின் மார்சேய் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு: 1660 கிருமிகளில் 95.4 சதவீதத்தைச் சரியாக அடையாளம் கண்டது.

நோயாளிக்கு இதனால் கிடைப்பது நேரம். இரத்தக் கல்ச்சர் பாட்டில் பாசிட்டிவானதும் தட்டில் போட்டு நான்கைந்து மணி நேரத்தில் வரும் மெல்லிய படலத்தைச் சுரண்டி வைத்தாலே பல தடவை பெயர் கிடைத்துவிடும். மருந்து உணர்திறன் முடிவு மறுநாள்தான். ஆனால் பெயர் மட்டுமே மருத்துவருக்கு நிறையச் சொல்லும். புரோட்டியஸ் என்றால் கோலிஸ்டின் இயல்பிலேயே கேட்காது. ஸ்டெனோட்ரோஃபோமோனாஸ் என்றால் ஓடிக்கொண்டிருக்கும் மெரோபெனமை நம்பி இருக்க முடியாது. அந்தத் தொலைபேசி அழைப்பை மாலையிலேயே செய்துவிடலாம்.

மால்டியிலும் எண் வரும். புரூக்கர் நிறுவனத்தின் கருவியில் 2.0-க்கு மேல் என்றால் இனம்வரை நம்பலாம், 1.7-இலிருந்து அதுவரை பேரினம் மட்டும், அதற்குக் கீழே நம்ப வேண்டாம். ஆனால் இங்கேயும் நூலகத்தில் இல்லாததற்குப் பெயர் கிடையாது. சூடோமல்லையின் பதிவு, உயிரியல் ஆயுத ஆபத்துள்ள கிருமிகளுக்கான தனி நூலகத்தில்தான் நீண்ட காலம் இருந்தது. வழக்கமான நூலகத்தை மட்டும் வைத்திருந்த லேபில் அது பர்கோல்டேரியா தாய்லண்டென்சிஸ் என்று வரும். பெயர் வேறு, சிக்கல் அதேதான்.

இன்னும் சில இடங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஈ. கோலையும் ஷிகெல்லாவும் மரபணுப்படி ஏறக்குறைய ஒரே ஆள். மால்டியால் பிரிக்க முடியாது. மலத்தில் லாக்டோஸ் நொதிக்காத, நகராத 'ஈ. கோலை' வந்தால் ஷிகெல்லாவுக்கான ஆன்டிசீரம் போட்டு ஒட்டுகிறதா என்று பாருங்கள். சால்மோனெல்லா என்பதோடு மால்டி நின்றுவிடும். டைஃபாய்டு உண்டாக்கும் டைஃபி வகையா என்பதை ஸ்லைடில் ஓ9, எச்டி ஆன்டிசீரம் ஒட்டவைத்துத்தான் உறுதி செய்ய வேண்டும். நிமோனியா உண்டாக்கும் நியூமோகாக்கஸ் என்று வந்தால் ஆப்டோகின் டிஸ்க் சோதனையும் பித்த உப்பில் கரைதலும் பார்க்காமல் விடாதீர்கள், ஏனென்றால் வாயில் சாதாரணமாக வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைட்டிஸ் அதே சாயலில் இருக்கும். ஈஸ்டில் கேண்டிடா ஹெமுலோனி என்று வந்தால் ஐ.சி.யூ.வில் பரவும் கேண்டிடா ஆரிஸாக இருக்கலாம் என்று உடனே யோசியுங்கள். 2009-இல்தான் விவரிக்கப்பட்ட இனம் என்பதால் பழைய நூலகங்களில் அது இல்லை. கருவி தரும் கோலிஸ்டின் முடிவை ரிப்போர்ட்டில் அப்படியே எழுதாதீர்கள். அதற்குத் திரவ ஊடகத்தில் மருந்தை நீர்த்துப் பார்க்கும் முறையைத்தான் (பிராத் டைல்யூஷன்) நம்ப வேண்டும்.

கருவியை நாம்தான் ஏமாற்றும் சந்தர்ப்பங்களும் உண்டு, அவைதான் அதிகம். கலப்புக் காலனி முதல் காரணம். சலைனில் கரைத்த மிச்சத்தில் ஒரு லூப் எடுத்து பிளட் அகாரில் கோடு போட்டு வையுங்கள். மறுநாள் அதில் இரண்டு வகைக் காலனி வந்தால் முந்தைய நாள் முடிவைத் தயங்காமல் ரத்து செய்யுங்கள். எத்தனை சதவீதம் வந்திருந்தாலும் சரி. இரண்டு கிருமிகள் சேர்ந்து கொடுத்த பதிலுக்குக் கருவி ஒரு பெயரைப் பொருத்தியிருக்கிறது, அவ்வளவுதான். காலனி 18 முதல் 24 மணி நேரத்துக்குள் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை கடந்த தட்டிலிருந்து எடுக்காதீர்கள். கலங்கலைக் கண்ணால் மதிப்பிடாமல் மீட்டரில் பாருங்கள். புதிய லாட் கார்டு வந்தால் தரக்கட்டுப்பாட்டுக் கிருமிகளைப் போட்ட பிறகே நோயாளியின் மாதிரியைப் போடுங்கள்.

பெயர் வந்ததும் மூன்று இடத்தைப் பாருங்கள்: தட்டு, ஸ்லைடு, நோயாளியின் படிவம். மூன்றும் அந்தப் பெயரோடு ஒத்துப்போனால் கையெழுத்துக்கு அனுப்புங்கள். ஒன்று முரண்டு பிடித்தாலும் உங்கள் மூத்தவரிடம் தட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். படிவத்தில் வயது, வார்டு மட்டும் எழுதி மற்றது காலியாக வந்தால் வார்டுக்குப் போன் செய்து கேளுங்கள்: சர்க்கரை இருக்கிறதா, என்ன வேலை, மாடு உண்டா?

மாட்டைப் பற்றிக் கேட்கச் சொன்னதற்குக் காரணம் புருசெல்லா. பல நாள் காய்ச்சல், மாடு ஆடு வளர்ப்பவர் அல்லது பச்சைப் பால் குடிப்பவர். இரத்தக் கல்ச்சரில் மெதுவாக வளரும், மணல் தூவியது போல மிகச் சின்னக் கோக்கோபேசில்லை (குட்டைக் கோல்கள்). யூரியேஸ் சீக்கிரம் பாசிட்டிவ். இப்படி ஒன்றைப் பார்த்தால் கருவியில் போடவே வேண்டாம். வேறு சாதுவான பெயர் வந்துவிடும், அதற்குள் திறந்த மேசையில் கலக்கிக் காற்றில் பரப்பியிருப்பீர்கள். தட்டை டேப் போட்டு ஒட்டி, பயோசேஃப்டி கேபினட்டுக்குள் (காற்றை வடிகட்டும் பாதுகாப்புப் பெட்டிக்குள்) மட்டும் திறங்கள். தெரியாமல் வெளியே கையாண்டுவிட்டிருந்தால் அன்றைக்கே சொல்லுங்கள், மறைக்காதீர்கள். டாக்சிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் மூன்று வாரம் சாப்பிட்டு நோய் வராமல் தடுக்க வழி இருக்கிறது. பக்கத்து மேசையில் வேலை பார்த்தவர்களுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.